எடைக்குப் போடும் முன்...

தாத்தா விட்டுச்சென்ற காசுப் பெட்டியை என்ன செய்வது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. வாசலில் பந்தல்காரர் கீற்றைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே கூடத்தில் பாயை விரித்து, பெரியவரின் பீரோவிலிருந்து எடுத்த தகர டப்பாவைக் கவிழ்க்கிறார்கள். நூற்றுக்கணக்கில் சின்னக் காகித உறைகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் பொடி எழுத்து. உறைகளைப் பிரித்துக் காசுகளை எவர்சில்வர் தாம்பாளத்தில் கொட்டியாகிறது. உறைகள் குப்பைக்குப் போகின்றன. ஒருவர் சமையலறையிலிருந்து புளி கரைத்துக் கொண்டுவருகிறார், இன்னொருவர் பூஜை அலமாரியிலிருந்து விபூதி. ராணித் தலை ரூபாய்கள் அரை மணி நேரத்தில் பளபளக்கின்றன. பேரன் கைபேசியில் ‘பழைய காசு விலை’ என்று தேடி, லட்சங்களில் ஏதோ வாசிக்கிறான். பெரியப்பா நம்பவில்லை. “நாளைக்கு வெள்ளிக் கடையில எடைக்குப் போட்டுட்டு, ஆளுக்குச் சமமா பிரிச்சுக்கலாம்” என்கிறார்.

ஊரும் பெயரும் மாறினாலும் இது பல வீடுகளில் நடக்கிற காட்சிதான். 2025-ல் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியதிலிருந்து, பரணிலும் பீரோவிலும் உறங்கிய டப்பாக்கள் வேகமாக வெளியே வருகின்றன. அந்தக் கூடத்தில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சமமாகப் பிரிக்கவேண்டும் என்ற நியாயமும், அழுக்காக இருப்பதைத் துலக்கவேண்டும் என்ற பழக்கமும்தான் அங்கே வேலை செய்தன. ஆனால் ஒருவர் நாற்பது, ஐம்பது வருடம் சேர்த்ததன் மதிப்பில் பெரும்பங்கு அந்த அரை மணி நேரத்தில் போய்விட்டது. சேகரிப்பின் மதிப்பு உலோகத்திலும் வயதிலும் இருப்பதைவிட, ஒவ்வொரு காசும் எது, எங்கிருந்து வந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலில்தான் அதிகம் இருக்கிறது. அதனால் வாரிசுகள் முதலில் செய்யவேண்டியது பதிவு. விலை கேட்பதும் விற்பதும் அதற்குப் பிறகு வரலாம்.

வெள்ளிக் கணக்கு எங்கே முடிகிறது?

எடைக்குப் போடலாம் என்கிற பெரியப்பாவின் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் டப்பாக்களில் இருப்பவை பெரும்பாலும் சாதாரணக் காசுகளே. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு, கைமாறித் தேய்ந்து, சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கும் விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் ரூபாய்கள். அவற்றுக்குச் சேகரிப்பாளர் தரும் விலை, உள்ளே இருக்கும் வெள்ளியின் விலைக்கு அருகில்தான் நிற்கும். வெள்ளி ஏறும்போது அவற்றை வெள்ளியாகவே விற்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அதற்கும் எந்த ரூபாயில் எவ்வளவு வெள்ளி என்று தெரிந்திருக்கவேண்டும். 1939 வரையிலான ரூபாயையும் 1940 முதலான ரூபாயையும் ஒன்றாகக் கொட்டி நிறுத்தால் யாராவது ஒருவர் நஷ்டப்படுவார். பெரும்பாலும் அது விற்பவராகத்தான் இருக்கும்.

▐ பெட்டிச் செய்தி: ஒரு ரூபாயில் எவ்வளவு வெள்ளி?
1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேயாத ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். 1940-ல் போர்க்கால நெருக்கடியில் வெள்ளி மொத்த எடையில் பாதியாகக் குறைக்கப்பட்டது, அதே எடையில் 5.83 கிராம்தான். 1946, 1947 ரூபாய்களில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். கிராம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதல் வகையில் சுமார் 1,600 ரூபாய்க்கும், இரண்டாவதில் சுமார் 875 ரூபாய்க்கும் வெள்ளி உண்டு.

வீட்டில் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆகவே விக்டோரியா ரூபாய் ஒட்டினால் அது போலி. புலி உருவம் போட்ட 1947 ரூபாயோ நிக்கல் என்பதால் அசலாக இருந்தாலும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதைப் போலி என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. நகைக்கடைத் தராசும் உதவும். தேய்ந்த பழைய ரூபாய் 11.4 கிராம் காட்டலாம், 10 கிராம் காட்டினால் சந்தேகப்படவேண்டும்.

பழசு என்றால் விலை அதிகமா?

காசு விஷயத்தில் மக்களிடையே மிக ஆழமாக வேரூன்றிய தவறான எண்ணம் இதுதான். ராஜராஜ சோழனின் செப்புக்காசு ஆயிரம் ஆண்டு பழையது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரி எழுத்தில் அரசன் பெயரும். தமிழகத்திலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்திருப்பதால், சாதாரண நிலையில் உள்ள ஒன்று இன்றும் சில நூறு ரூபாய்க்கே கைமாறுகிறது. நம் பாட்டன்மார் காலத்துக் காசான 1939-ஆம் வருட ஆறாம் ஜார்ஜ் ரூபாயோ மிக அரிது. 1938-ஆம் வருட ரூபாயில் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கி விற்கும் மோசடியே தனியாக நடக்கிறது என்றால் அதன் கிராக்கியைப் புரிந்துகொள்ளலாம். விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை எஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், கையில் உள்ளது எந்த நிலையில் இருக்கிறது. வயது அந்தப் பட்டியலில் நேரடியாக வருவதில்லை.

வித்தியாசங்கள் கண்ணுக்கு எளிதில் படாதவை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 1911-ல் வெளிவந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. வெளியீடு நிறுத்தப்பட்டு, அடித்தவற்றில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தும்பிக்கையைத் திருத்தி வெளியிட்டார்கள். ‘பன்றி ரூபாய்’ என்று சேகரிப்பாளர்கள் தேடுவது அந்த 1911-ஐ. விக்டோரியா ரூபாயில் இன்னும் நுணுக்கம். 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள், பம்பாய் நாணயச்சாலையில் அடித்தவற்றில் எந்த வருடம் என்பதைப் பொடிப் புள்ளிகளால் குறித்தார்கள். தாம்பாளத்தில் இருபது 1862 ரூபாய்கள் இருந்தால் அவை இருபதும் ஒரே காசல்ல. பெரியவர் அவற்றைத் தனித்தனி உறையில் வைத்திருந்தார் என்றால், புள்ளிகளை எண்ணித்தான் அப்படி வைத்திருப்பார். உறை போனால் அந்த வேலையை மறுபடி ஒருவர் லென்ஸை வைத்துக்கொண்டு முதலிலிருந்து செய்யவேண்டும், அதற்கான கூலியைத் தருவது வாரிசுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். மதிப்பில்லாதவையும் டப்பாவில் நிறைய இருக்கும். ராமர் பட்டாபிஷேகம், அனுமார் உருவங்களோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ என்று போட்ட தடித்த செப்புக்காசுகள் பல வீடுகளின் பூஜை அறையில் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் பக்தர்களுக்காகச் செய்து விற்கப்பட்ட வில்லைகள் அவை. தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசாவில் தங்கம் கலந்திருக்கிறது என்ற பேச்சும் தலைமுறை தாண்டி வருகிறது. அந்த மஞ்சள் நிறம் செம்பும் அலுமினியமும் சேர்ந்த கலவையுடையது. ஓட்டைக் காலணாவும் அப்படித்தான், 1943 முதல் 1947 வரை போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு அடித்தார்கள். பார்க்க அழகு, கிடைப்பது ஏராளம்.

புளி, விபூதி, எலுமிச்சை

வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும் வீட்டில், கறுத்த காசைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆனால் காசுக்கு அந்த நியாயம் பொருந்தாது. அச்சு ஓங்கி அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள் உண்டாகின்றன. புழங்காத வெள்ளி ரூபாயை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துத் திருப்பினால், சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வது போல ஒளி காசின் மேல் ஓடும். அந்த ஓட்டம்தான் காசு புழக்கத்துக்கு வரவில்லை என்பதற்குச் சான்று, அதிக விலைக்கும் அதுவே காரணம். விபூதியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் நுண்கோடுகள் அழிந்து, தாறுமாறான கீறல்கள் விழுகின்றன. காசு பளபளக்கும், ஆனால் ஒளி ஓடாது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் வியாபாரி இதை உடனே கண்டுபிடித்துவிடுவார். என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரச்சான்று நிறுவனங்கள் 70 புள்ளி அளவுகோலில் தரம் பிரிக்கும்போது, துலக்கிய காசை ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்து எண்ணே தராமல் திருப்பிவிடும். வெள்ளியில் கந்தகம் பட்டுப் படிந்த கருமை காசுக்குக் கெடுதல் இல்லை, பல சேகரிப்பாளர்கள் அதற்கென்றே கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

‘அப்படியென்றால் செப்புக்காசில் ஏறிய களிம்பையும் விட்டுவிடுவதா?’ என்று கேட்கலாம். இரண்டு வகைக் களிம்பு உண்டு. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது காசைக் காப்பாற்றும் தோல், அதைத் தொடக் கூடாது. வெளிர்பச்சையில், மாவு போல, நகத்தால் தொட்டாலே உதிர்வது வேறு. உப்பும் ஈரமும் சேர்ந்து செம்பை உள்ளிருந்து அரிக்கும் நோய் அது. கடலோர ஊர்களில் வேகமாகப் பரவும். அப்படி ஒரு காசைப் பார்த்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வைத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டவேண்டும். வீட்டு வைத்தியம் இங்கேயும் கூடாது.

▐ பெட்டிச் செய்தி: கையில் எடுக்கும்போது
கையைக் கழுவித் துடைத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடித்து எடுக்கவும். முகப்பில் விரல் பட்டால் வியர்வை உப்பு ரேகையாகப் படிந்து பின்னால் கறுக்கும். கீழே மடித்த துணியை விரித்துக்கொண்டால், நழுவினாலும் விளிம்பு நசுங்காது. ரப்பர் பேண்டிலும் செய்தித்தாளிலும் சுற்றவேண்டாம், இரண்டிலும் வெள்ளியைக் கறுக்கவைக்கும் பொருட்கள் உண்டு. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் ஆல்பங்கள் நம் வெயிலில் இளகி, காசின் மேல் பச்சைப் பிசினைக் கசியவிடும். பெரியவர் அப்படி ஓர் ஆல்பத்தில் வைத்திருந்தால், காசுகளை வரிசை மாறாமல் அமிலமற்ற காகித உறைக்கோ பாலியெஸ்டர் உறைக்கோ மாற்றுங்கள். துளையிட்டதும் வளையம் பற்றவைத்ததுமான காசுமாலைக் காசுகளைத் தனியாக வைக்கவும். அவற்றுக்குச் சேகரிப்பு விலை குறைவு, தங்கமாக இருந்தால் உலோக விலை அப்படியே நிற்கும்.

உறையின் மேல் எழுதியிருந்தது

குப்பைக்குப் போன உறைகளுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் வருத்தமளிப்பது இந்த இழப்புதான். துலக்கிய காசுக்கு விலை போனால் பணம் மட்டுமே போகிறது. உறை போனால் அந்தக் காசு எந்த ஊருடையது என்பதைத் திரும்பத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

சங்க கால வேந்தர்கள் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டார்களா என்ற சந்தேகம் ஆய்வாளர்களிடையே நெடுங்காலம் இருந்தது. 1980-களில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, குதிரை உருவம் பொறித்த சிறிய சதுரச் செப்புக்காசில் தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயரைப் படித்து வெளியிட்டார். பாண்டியன் பெயர் காசில் கிடைத்துவிட்டது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த மாக்கோதை, கொல்லிப்பொறை காசுகள் சேரர் பெயரைக் கொண்டுவந்தன. தேய்ந்து உருத்தெரியாத உலோகத் துண்டுகளை யாரோ ஒருவர் உருக்காமல் எடுத்து வைத்ததாலும், அவை எந்த ஊர்ப் பக்கம் கிடைத்தன என்று சொல்ல முடிந்ததாலும்தான் இது நடந்தது. 1898-ல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பலவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே வேண்டுமென்றே வெட்டிய கீறல் இருக்கிறது. ஒரே ஒரு காசு தனியாகக் கிடைத்திருந்தால் ஏதோ விபத்து என்று விட்டிருப்பார்கள். சேர்ந்து கிடைத்தவை சேர்ந்தே பதிவானதால்தான், இந்தக் காசு இனிப் பணமாகச் செல்லாது, தங்கமாக மட்டுமே செல்லும் என்று யாரோ அடையாளமிட்டிருக்கலாம் என்ற கேள்விக்கே இடம் கிடைத்தது.

எல்லா டப்பாவிலும் பெருவழுதி கிடைக்கப்போவதில்லை. ஆனால் புதுக்கோட்டை அம்மன் காசு பல வீடுகளில் இருக்கிறது. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. சமஸ்தானம் 1948-ல் இந்தியாவோடு சேரும்வரை புழங்கிய சின்னச் செப்புக்காசு அது. ‘நவராத்திரி தானத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது’ என்று உறையில் ஒரு வரி இருந்தால், பத்துக் காசுகளில் ஒன்றாகக் கிடந்தது அந்தச் சமஸ்தானத்தின் நவராத்திரிப் பழக்கத்துக்குச் சாட்சியாகிவிடும்.

ஆகவே, டப்பாவைத் திறந்த நிலையில் முதலில் ஒரு படம். பிறகு ஒவ்வொரு உறைக்கும் ஓர் எண். காசின் இரு பக்கமும் உறையின் எழுத்தும் சேர்ந்து தெரியும்படி படம். எடை, குறுக்களவு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தும் ஆண்டும் ஒரு நோட்டில். பெரியவர் வைத்திருந்த வரிசையை, புரியாவிட்டாலும் மாற்றவேண்டாம். ரசீதுகள், கடிதங்கள், பழைய ஏலப் பட்டியல்கள் கிடைத்தால் அவையும் சேகரிப்பின் பகுதிதான். இதற்கு நாணயவியல் தெரியவேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும். பிள்ளைகள் கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

யாரிடம் காட்டுவது?

‘காட்டினாலே ஏமாற்றிவிடுவார்கள்’ என்ற பயம் நியாயமானது. பட்டியல் தயாராக இருப்பதே அதற்கு முதல் தடுப்பு. டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகாமல், படங்களையும் எடைகளையும் இரண்டு மூன்று பேரிடம் காட்டலாம். சென்னை போன்ற நகரங்களில் நாணயச் சங்கங்கள் இருக்கின்றன, கண்காட்சிகளும் நடக்கின்றன. அங்கே வியாபாரிகளோடு, விற்கும் நோக்கம் இல்லாத அனுபவசாலிகளும் வருவார்கள். கேட்கும்போது ‘இது என்ன விலை?’ என்று கேட்பதைவிட, ‘நீங்கள் இதற்கு என்ன தருவீர்கள்?’ என்று கேட்பது நல்லது. பட்டியல் புத்தகத்தில் போட்டிருப்பது விற்பனை விலை. வியாபாரி வாங்கும் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கடை வாடகையும் வாங்கி வைத்து மாதக்கணக்கில் காத்திருப்பதும் அவருடைய செலவு, அதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. மிக அரிதான ஒன்றிரண்டுக்கு மட்டும் தரச்சான்று வாங்கி, மும்பை, பெங்களூரு ஏலங்களுக்கு அனுப்பலாம். தரகும் கட்டணமும் போக மிஞ்சும் அளவு விலை உள்ளதற்கே அது கட்டுப்படியாகும்.

உண்மையான ஏமாற்று கைபேசி வழியாக வருகிறது. வைஷ்ணவதேவி உருவம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள் தருவதாக வரும் காணொளிகளை நம்பித் தொடர்புகொள்பவரிடம் முதலில் பதிவுக் கட்டணம், பிறகு வரி, பிறகு தரகு என்று கறக்கிறார்கள். காசை வாங்க யாரும் வருவதில்லை. அரிசியை இழுக்கும் சக்தி படைத்த காசு, இரிடியம் கலந்த காசு என்று சொல்லிப் பணம் பறிப்பதும் இதே வகைதான்.

▐ பெட்டிச் செய்தி: ரிசர்வ் வங்கி சொன்னது
பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்பதற்கு ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டிச் சிலர் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. தான் அத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை, எந்தத் தரகும் கேட்பதில்லை, யாருக்கும் அதிகாரம் அளிக்கவும் இல்லை என்று தெளிவுபடுத்தியது. விற்பவர் முன்பணம் கட்டவேண்டும் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிக்கும்போது

இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் என முதல் வகுப்பு வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு. காசுப் பெட்டியும் சொத்துதான். ஆனால் எண்ணிக்கையில் சமமாகப் பிரிப்பது மதிப்பில் சமமாகப் பிரிப்பதாகாது. 1912 முதல் 1922 வரை வருட வரிசையாகச் சேர்த்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களை மூவர் பங்கிட்டால், அரிதான 1922 யாரிடம் போகிறதோ அவருக்கு ஆதாயம், மற்ற இருவரிடம் வெறும் வெள்ளி. வரிசையாக இருந்ததால் கிடைத்திருக்கும் கூடுதல் விலை மூவருக்குமே இல்லை. பட்டியலின்மேல் மதிப்பீடு வாங்கி, ஆர்வமுள்ள ஒருவர் முழுவதையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணமாகக் கொடுப்பதோ, மொத்தமாக விற்றுப் பணத்தைப் பிரிப்பதோ நியாயமான வழிகள். ‘ஞாபகார்த்தமாக எனக்கும் ஒன்று வேண்டும்’ என்பவருக்குச் சாதாரண ரூபாய் ஒன்றைக் கொடுக்கலாம், டப்பாவில் அவை நிறையவே இருக்கும்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், 1972-ன்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் நாட்டைவிட்டு எடுத்துப் போகக் கூடாது. தாத்தாவின் விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது பாசத்தால் செய்ததென்றாலும் சட்டப்படி கடத்தல்தான். நிலத்தில் தோண்டும்போது கிடைத்த காசுகள் டப்பாவில் இருப்பதாகத் தெரிந்தால், அதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். வரியைப் பொறுத்தவரை, எஸ்டேட் டூட்டி 1985-லேயே ஒழிந்துவிட்டதால் பரம்பரையாகப் பெறுவதற்கு வரியில்லை. விற்று வரும் ஆதாயத்துக்கு வரி வரலாம். முன்னோர் 2001-க்கு முன் வாங்கியவற்றுக்கு, அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாகக் காட்ட இடமுண்டு என்பதால், பெரிய சேகரிப்பாக இருந்தால் விற்கும் முன்பே ஆடிட்டரைப் பார்ப்பது லாபம்.

அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சாதாரண ரூபாய்கள் அங்கே ஏற்கெனவே குவிந்திருக்கும். அவர்களுக்குப் பயன்படுவது, கிடைத்த ஊர் தெரிந்த உள்ளூர்க் காசுகள். அவற்றை மட்டும் பிரித்து, உறைகளோடும் பெரியவரின் குறிப்புகளோடும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தையோ மாவட்ட அருங்காட்சியகத்தையோ அணுகலாம். காசைக் கொடுக்க மனமில்லாதவர்கள், படமும் எடையும் கிடைத்த இடமும் எழுதிய பட்டியலின் ஒரு பிரதியைத் தொல்லியல் ஆய்வாளர் ஒருவரிடம் சேர்த்துவிட்டுப் பெட்டியைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.